டைப் டீச்சரின் கடைசிக் குளியல்

"டைப் டீச்சர் நம்ம ஆளா, பாய் ஆளா?"

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. மாடியில் தனியாக இருந்த டீச்சர் தலையில் துணி போட்டிருந்தார். நெற்றியில் பொட்டில்லை. வஞ்சிரம் வாங்குவார், இறாலும் நண்டும் அவர் படி ஏறாது. பெயரோ சிப்போரா. எங்கள் பைபிளில் மோசேயின் மனைவிக்கு அந்தப் பெயர். அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"யூதராம்மா" என்றேன்.

"அப்டின்னா பாதி நம்ம ஆளு" என்று அம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

கீழ்வீட்டு குல்சும் அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். "மீதிப் பாதி எங்க ஆளு. அவங்களும் பன்னி துன்ன மாட்டாங்க, நாங்களும் துன்ன மாட்டோம்."

டீச்சர் யாருக்கும் பாதி இல்லை. முழு ஆள். கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் அது ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அன்று காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டோடு மாடி ஏறினேன். டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை "நாளைக்கு வந்து உட்கார்" என்று டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தவர் அவர். கொச்சியில் பிறந்து, நாற்பது வருஷம் மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்தவர்.

கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கை சில்லிட்டிருந்தது.

நான் அழவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது. ஏனென்றால் ஒரு வேலையை டீச்சர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். அதை நான் செய்யாமல் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சொன்னார். "அன்பு, எங்க ஆளுங்கள்ல பொம்பளை ஒருத்திகூட இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் போயிட்டா குல்சும்கிட்ட சொல்லு, அவ கழுவட்டும். பழகின கை. தண்ணி நடுவுல நிக்காம ஊத்தணும். அலமாரி மேல்தட்டுல வெள்ளைத் துணி தைச்சு வெச்சிருக்கேன். பூ வேணாம். முகத்தைத் திறந்து வெச்சு வேடிக்கை காட்ட வேணாம்."

"அக்கா உங்ககூட பேசறதில்லையே டீச்சர்."

"பேசாட்டிப் போறா. கழுவறதுக்கு எதுக்குப் பேச்சு?"

குல்சும் அக்கா எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டப் போகிறவள். டீச்சருக்கும் அவளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. காஸாவில் இடிபாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்குகிற வீடியோவை அக்கா மாடிப்படியில் டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க, உங்க ஆளுங்க பண்ற வேலைய" என்றாள். டீச்சர், "என் தம்பி மகனும் இஸ்ரேல்ல பதுங்குகுழியிலதான் கிடக்கான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு அப்புறம் அக்காவுக்குத் திறக்கவே இல்லை. அக்காவும் தட்டவில்லை.

இப்படிப்பட்ட அக்காவிடம் போய் நான் எப்படிச் சொல்வது? புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சொல்லவில்லை.

சேதி கேட்டு ஏழு மணிக்கு டீச்சரின் பெரியப்பா மகன் எலியாகு எர்ணாகுளத்திலிருந்து போனில் பேசினார். சாயங்காலம் வந்துவிடுவார். இங்கே இருக்கும் பழைய சின்ன யூதக் கல்லறையில் மறுநாள் காலை அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறார். கடைசியாகக் கேட்டார்: "குளிப்பிக்கான் ஆள் உண்டோ மோளே?"

"இருக்காங்க" என்றேன். பொய்தான்.

*

அம்மா உண்மையாகவே அழுதாள். அதை மறைக்கக் கூடாது. தி.நகர் ஜவுளிக்கடை ஆட்களுக்குச் சமைக்கிற வேலைக்கு அன்று லீவு சொன்னாள். டீச்சர் கால்மாட்டில் உட்கார்ந்து, "என் பொண்ணுக்கு ஒரு வழி காட்டின தாயே" என்று ஓலமிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டு மணிக்குத் தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது. எட்டரைக்கு அம்மா தன் ஜெபமாலையை டீச்சர் விரல்களில் சுற்றிவிட்டாள். ஒன்பது மணிக்கு எங்கள் சர்ச்சின் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துத் தலைவி புஷ்பம் ஆன்ட்டி ஆறு பெண்களோடு வந்து ஹாலில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். ஒன்பதரைக்கு அண்ணன் புகழேந்தி சந்து முனையில் ஃப்ளெக்ஸ் கட்டினான்.

அவனுக்கு சைதாப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கச் சொல்லி, முதலாளியிடம் கெஞ்சி அச்சடித்துக்கொண்டு வந்தானாம். மேலே பெரிய சிலுவை. இரண்டு பக்கமும் புறா. நடுவில் ஆதார் கார்டு படம். "திருமதி சிப்போரா அவர்கள் கிறிஸ்துவுக்குள் இளைப்பாறுகிறார்."

கல்யாணமே ஆகாதவருக்குத் திருமதி. அதைவிட மோசம் மற்றது!

"அண்ணா, இன்னா இது? அவங்க கிறிஸ்டியனே இல்ல."

"டெம்ப்ளேட்ல இதான் கீது. இந்து டெம்ப்ளேட் போட்டா குத்துவிளக்கு வரும். பாய் டெம்ப்ளேட் போட்டா பிறை வரும். யூதருக்கு டெம்ப்ளேட் இல்ல, நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் போடாம வெறும் பேர் போட வேண்டியதுதானே?"

"வெறும் பேரா? அநாதப் பொணம் மாறி இருக்கும்டி. ஓசில அடிச்சுக் குடுத்ததுக்கு நீ கேள்வி வேற கேக்கறியா?"

மாடிக்கு வந்தால் புஷ்பம் ஆன்ட்டி சொல்லிக்கொண்டிருந்தார்: "வெள்ளிக்கிழமைகூட வேளாங்கண்ணி எண்ணெய் பூசிவிட்டேன். அப்படியே கண்ணை மூடிக்கிட்டாங்க. மனசுக்குள்ள ஏத்துக்கிட்டாங்கன்னுதான் அர்த்தம்."

நான் அங்கே இருந்தேன். ஆன்ட்டி படியிறங்கியதும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஈரத்துணி கொண்டா, இதைத் துடை" என்றார். துடைத்தது நான்.

"என்ன இருந்தாலும் நம்ம ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச ஜனங்க" என்று ஆன்ட்டி தொடர்ந்தார். "ஆனா நாம மன்னிச்சிடணும். அதுதானே நமக்குச் சொல்லியிருக்கு."

ஆறு பெண்களும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள்.

மன்னிக்கிறார்களாம்! இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்து வேலைக்கு அனுப்பியவரை, எப்போதோ எந்த ஊரிலோ நடந்த ஒன்றுக்காக, அவர் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்து, அவர் பிணத்தை வைத்துக்கொண்டு மன்னிக்கிறார்கள். யார் கேட்டது இவர்களிடம் மன்னிப்பு?

வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். கீழே இறங்கினேன்.

*

குல்சும் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் வலியுல்லா பாய், ரிப்பேருக்கு வந்த மிக்ஸி ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல்.

அக்கா அரிசியை அப்படியே போட்டாள்.

"செவ்வாக்கெழமையா? செவ்வாக்கெழமை சொன்னதையா இப்ப வந்து சொல்ற?"

"பயமா இருந்துச்சுக்கா."

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்லியிருந்தா நானே மேல போயிருப்பேனே. ரெண்டு வார்த்த திட்டிட்டாவது வந்திருப்பேன், உசுரோட இருக்கறப்பவே. இப்ப போய் யார்கிட்ட பேசுவேன்?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தண்ணி வருதா மேல?"

"உக்காரு குல்சும்" என்றார் பாய். அவர் மிக்ஸியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா?"

"போக வேணாம். பசங்க வாட்ஸப் குரூப்ல தெனமும் இன்னா போடறானுங்கன்னு உனக்குத் தெரியும். யூதப் பொம்பளைய நீ கழுவினன்னு ஒருத்தன் போட்டா போதும். அப்புறம் நம்ம ஆளுங்க மய்யித்தக் கழுவ உன்னை ஒரு வீட்லயும் கூப்புட மாட்டாங்க. உனக்கு இருக்கற மரியாதையே அதுல தான்."

"அவங்க வாயால என் பேரச் சொல்லிக் கேட்டுக்கிறாங்க."

"நான் தப்புன்னு சொல்லல. அந்தக் கிறிஸ்டின் பொம்பளைங்க அத்தினி பேர் மேல கீறாங்க. அவங்க செய்யட்டுமே. அவங்க செஞ்சா நல்ல காரியம். நாம செஞ்சா பேச்சு." பாய் என்னைப் பார்த்தார். "நீ போம்மா. நான் சேர் எடுத்துப் போடறேன், டீ சொல்றேன், பாடி தூக்கக்கூட வரேன். இது மட்டும் வேணாம்."

கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபமாக வந்தது. நல்ல மனுஷர் ஒருவர் போனில் இருக்கும் பொடிப்பயல்களுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே தண்ணீர்க் குடத்தை எடுக்கிற சாக்கில் அக்கா வந்தாள். காதருகே சொன்னாள்: "மத்தியானம் லுஹர் தொழுவப் போனார்னா அப்டியே கடைக்குப் போயிட்டு மூணு மணிக்குத்தான் வருவாரு. பின்பக்கம் இரும்புப் படி கீதுல்ல, அந்தக் கதவத் தொறந்து வை. நான் வந்தேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எலியாவோ பொலியாவோ வராரே, அவருக்கும் கூட. இன்னா?"

தலையாட்டினேன்.

*

ஐஸ் பெட்டி மூன்று மணிக்கு வரும் என்றார்கள். அதற்குள் முடிய வேண்டும். ஒன்றேகால் ஆகியும் ஹாலிலிருந்து ஒருவரும் நகரவில்லை. புஷ்பம் ஆன்ட்டி பை நிறைய மல்லிகை வரவழைத்திருந்தார். டீச்சரின் பெட்டியைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து உதறினார்.

"தண்ணியைத் தொட்டு முகம் தொடச்சிட்டு இதைச் சுத்திடலாம். நெத்தியில சந்தனத்துல சின்னதா ஒரு சிலுவை வெச்சா லட்சணமா இருக்கும்."

"தொடாதீங்க."

யார் பேசியது என்று எல்லோரும் பார்த்தார்கள். நான்தான்.

"அவங்க கிறிஸ்டியன் இல்ல. நீங்க பூசின எண்ணெய அன்னிக்கே என்னைத் தொடைக்கச் சொன்னாங்க. மனசுக்குள்ள ஒண்ணும் ஏத்துக்கல. பொய் சொல்லாதீங்க ஆன்ட்டி."

"ஆரோக்கியமேரி" என்றார் ஆன்ட்டி அம்மாவிடம், மிகவும் அமைதியாக. "உன் பொண்ணு என்னைப் பொய்க்காரின்றா."

அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து முறுக்கினாள். "இன்னாடி கொழுப்பு? பெரியவங்க கிட்ட இப்டியா பேசுவ? அந்தம்மாவ அநாத மாறி அனுப்பச் சொல்றியா? யாருமில்லாதவங்களுக்கு நாம இருக்கோம்னுதான இத்தினியும் செய்யறேன்!"

"யாருமில்லாதவங்க இல்லம்மா. அவங்களுக்கு முறை கீது. என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. கழுவணும், வெள்ளைத் துணி போடணும், முகத்த மூடணும். அவ்ளோதான். எல்லாரும் வெளிய போங்க."

"யாரு கழுவுவா?"

"நான்."

"தனியாவா?" அம்மா என்னையே பார்த்தாள். என் கையை விட்டாள். அப்புறம் ஆன்ட்டியிடம், "வாங்க புஷ்பம், வராந்தாவுல உக்காரலாம். பிடிவாதம் புடிச்சா இவ அவ அப்பன் மாதிரி" என்றாள்.

ஆன்ட்டி பட்டுப்புடவையைக் கட்டில் மேல் எறிந்துவிட்டு நடந்தார்.

*

அக்கா இரும்புப்படி வழியாக வந்தபோது மூச்சு வாங்கியது. செருப்பைக் கீழேயே விட்டிருந்தாள். உள்ளே வந்தவள் முதலில் டீச்சர் கையைத்தான் பார்த்தாள். ஜெபமாலையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். வெடுக்கென்று இழுப்பாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"உங்கம்மாளுது. பத்திரமா வை. அதுவும் ஒருத்தர் கும்புடற பொருள்தான்."

மெழுகுவத்தியை நான் அணைத்தேன்.

டைப்பிங் கிளாஸில் மாணவர்கள் உட்கார்ந்த நீள பெஞ்சுகள் இரண்டைப் பின்கட்டில் சேர்த்துப் போட்டோம். போர்வையோடு பிடித்து இழுத்துத்தான் டீச்சரைக் கிடத்த முடிந்தது. இறந்தவர் இவ்வளவு கனமாக இருப்பார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு முறை என் கை நழுவியது. இரண்டு முறையும் அக்கா தோளைக் கொடுத்தாள்.

ஒரு துணியால் உடம்பை மூடியபடியேதான் கழுவினாள். வலப் பக்கம் முதலில். அப்புறம் இடப் பக்கம். "நாங்க கடேசித் தண்ணில கற்பூரம் கலப்போம். இவங்க சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப வேணாம். அவங்க சொன்னது மட்டும்."

நான் ஒரு குடம் முடிவதற்குள் அடுத்த குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன், தண்ணீர் நடுவில் நிற்காமல். அக்கா ஊற்றிக்கொண்டே பேசினாள். என்னிடம் இல்லை.

"எட்டு மாசம். கதவ சாத்தினா தட்டக் கூடாதுன்னு எனக்கு ரோஷம். தொறந்தா தாழ்ந்து போயிடுவோம்னு உனக்கு ரோஷம். அந்தப் புள்ளைங்களப் பாத்தா இன்னும்தான் என் வயிறு எரியுது, இல்லன்னு சொல்லல. ஆனா குண்டு போட்டவன் எவனோ, அவன்கிட்ட கேக்க முடியாம உன்கிட்ட கேட்டேன் பாரு. கால கொஞ்சம் நீட்டு டீச்சர்."

வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்தாள். சட்டை, பாவாடை, தலைத்துணி. பாக்கெட் கிடையாது, பித்தான் கிடையாது. "தைச்சு வெச்சிருக்காங்களே. நாங்க தைக்க மாட்டோம், சுத்துவோம்" என்று தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

அப்போது வராந்தாக் கதவு ஒரு சாண் திறந்தது. அம்மா நின்றாள். அக்காவைப் பார்த்தாள். நனைந்த கைகளைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து புஷ்பம் ஆன்ட்டி குரல்: "முடிச்சிட்டாளா மேரி? உள்ள வரட்டா?"

"இன்னும் இல்ல" என்றாள் அம்மா. கதவைச் சாத்தினாள். வெளியே நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போடும் சத்தம் கேட்டது.

டீச்சருக்கு உடுத்தி முடித்து, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் அக்கா வந்த வழியே இறங்கிப் போனாள். ஐஸ் பெட்டி வந்தது. மேலே வெள்ளைப் போர்வை போட்டு மூடினேன்.

அதன் பிறகு காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போய் ஃப்ளெக்ஸ் கயிற்றை அறுத்தேன். "பைத்தியம் புடிச்சுச்சா உனக்கு?" என்று அண்ணன் ஓடி வந்தான். சிலுவை உள்பக்கமாக வரும்படி சுருட்டி அவன் கையில் கொடுத்தேன். சிலுவை எனக்கும் சாமிதான். அதைக் கொண்டுபோய் இன்னொருவர் பேருக்கு மேலே ஒட்டக் கூடாது.

*

எலியாகு ஆறேகாலுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். சின்னக் குல்லா. கையில் ஒரே ஒரு பை. வலியுல்லா பாய்தான் ஆட்டோவிலிருந்து பையை வாங்கினார், நாற்காலி போட்டார், டீ கொண்டுவந்து கொடுத்தார். சொன்னபடி எல்லாம் செய்தார்.

மாடிக்குப் போய்ப் போர்வையை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு எலியாகு கீழே வந்தார். கண் கலங்கியிருந்தது. சந்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். குல்சும் அக்கா தன் வீட்டு வாசல்படியில் நின்றாள்.

"எங்கட ஆளுகளே இல்லாத ஊரு" என்றார் எலியாகு. "சேச்சிய எப்படியோ கிடத்தியிருப்பாங்கன்னு பயந்து வந்தேன். இத்தற நல்லா எங்க வீட்லகூட செய்ய மாட்டாங்க. ஆரு செஞ்சது? அவங்க கையத் தொட்டுக் கும்பிடணும்."

"எங்க அன்பியத்துப் பெண்கள்தான்" என்றார் புஷ்பம் ஆன்ட்டி. ஒரு அடி முன்னால் வந்தே சொன்னார். "காலையிலேர்ந்து ஒருத்தரும் நகரலை. எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதானுங்களே."

எலியாகு அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கைகள் காலையிலிருந்து மல்லிகைப் பூவையும் பட்டுப்புடவையையும் தவிர எதையும் தொடவில்லை.

"நல்ல மனசுங்க இவங்களுக்கு" என்றார் வலியுல்லா பாய், எல்லோருக்கும் கேட்கும்படி. "நம்ம தெருவுக்கே பெருமை." அவர் மனதாரச் சொன்னார். வாசல்படியில் நின்ற அவர் மனைவி கைகள் இரண்டையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லும்மா, நீ பார்த்தாய் இல்லையா, நீயாவது சொல். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆன்ட்டிக்குப் பயப்படுகிறாளா, அக்காவுக்காக ரகசியத்தைக் காப்பாற்றுகிறாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றுகூடத் தலையாட்டவில்லை. வெறுமனே பார்த்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

அக்கா வீட்டுக்குள் போனாள். புர்காவை மாட்டிக்கொண்டு உடனே வெளியே வந்தாள். சாயங்கால மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்தில் அவள் தனியாக எங்கும் போனதில்லை.

"குல்சும், எங்க போற?" என்றார் பாய்.

எலியாகு இன்னும் புஷ்பம் ஆன்ட்டியின் கையை விடவில்லை. அக்கா அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வழி கேட்காமல், சுவரோரமாக ஒதுங்கி, பாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்தைக் கடந்து கச்சேரி ரோட்டுக் கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டாள்.